எண்ணெய் பூசிய கை

சிவகௌரி காலையிலும் பின்னேரத்திலும் கேதீஸ்வரனின் கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசினாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தக் கையை அவள் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. சீமெந்தைக் குழைத்து அச்சில் போட்டுக் கல் அரிகிறவனின் கை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, விரல் நுனிகளில் வெடிப்பு, வெடிப்புக்குள் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத சாம்பல். மகள் தனுஷாவின் கன்னத்தைத் தடவினால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"இதென்ன கையே, தேங்காய் திருவலையே?" என்றாள் சிவகௌரி.

"கதையாமல் பூசு. சுவிஸ்காறன்ரை கையாய் வரவேணும்."

அவன் வேலைக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல். வெய்யிலிலும் இறங்குவதில்லை, நிறம் வெளுக்க வேண்டும். கல் அரிகிற வளவில் முதுகுப் பிடிப்பு என்று சொல்லியிருந்தான். முதலாளி செல்வரட்ணம் ஒரு நாள் பார்க்க வந்தபோது கட்டிலில் குப்புறப் படுத்து முனகிக் காட்டினான். அந்த மனிதன் கொண்டுவந்த நோவெண்ணெய்ப் போத்தலைச் சிவகௌரி வாங்கி வைத்தாள்.

இதெல்லாம் கேதீஸ்வரனின் அண்ணன் செந்தூரன் வந்த பிறகு தொடங்கியது. கோயில் திருவிழாவுக்குச் சுவிசிலிருந்து வந்து இவர்கள் வீட்டில்தான் நின்றான். இரண்டு வயது மூத்தவன். இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு, ஒரே அளவுக்குப் பின்னால் ஏறிவிட்ட மயிர். அச்சுவேலிச் சந்தையில் ஒருவர் செந்தூரனை மறித்து, "எட கேதீஸ், மதில் அரைவாசியிலை நிக்குது. கல்லு எப்ப வரும்?" என்று சண்டைக்கு வந்தார். அண்ணன் அதை வீட்டில் சொல்லிச் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

யோசனை சிக்கலில்லாதது. அண்ணனின் சுவிஸ் கடவுச்சீட்டில் தம்பி போவான். அவன் அங்கே கஜானி அண்ணியிடம் போய்ச் சேர்ந்ததும், இங்கே அண்ணன் பொலிசில் பாஸ்போட் தொலைந்துவிட்டது என்று முறைப்பாடு கொடுப்பான். பிறகு கொழும்பில் தூதரகத்துக்குப் போய்ப் புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு திரும்புவான்.

"உனக்கென்ன விசரோ?" என்றான் செந்தூரன். "உது எங்கடை மாமா வெளிநாடு போன காலம் இல்லை. அப்ப ஒருத்தன்ரை பாஸ்போட்டிலை படத்தை உரிச்சு மற்றவன்ரையை ஒட்டினாங்கள். தலை மாத்திப் போறது எண்டு சொல்லுவினம், கேள்விப்பட்டிருப்பாய். இப்ப படம் தாளிலை மட்டும் இல்லை. மட்டைக்குள்ளை ஒரு சின்னத் தகடு கிடக்கு. அதுக்குள்ளை என்ரை முகமும் இருக்கு, ரண்டு விரலும் இருக்கு. அரசாங்கம் பூட்டு மாதிரி ஒண்டைப் போட்டுத்தான் எழுதுது. ஆரும் கை வைச்சால் மெசினுக்குத் தெரிஞ்சிடும்."

"நான் தகட்டிலை ஏன் கை வைக்கிறன்? படத்தை மாத்தவும் வேண்டாம். என்ரை மூஞ்சைதானே அதிலை கிடக்கு."

"அது உன்ரை மூஞ்சை இல்லையடா. கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், மூக்கு எங்கை முடியுது எண்டு அது அளந்து பாக்கும். எங்களைக் காப்பாத்தத்தான் உதைச் செய்து வைச்சிருக்கிறாங்கள். என்ரை பேரிலை வேறை ஒருத்தன் போகாமல் இருக்கத்தானே?"

"நான் உனக்கு வேறை ஒருத்தனோ அண்ணை?"

செந்தூரன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். கேதீஸ்வரன் விடவில்லை. செந்தூரன் வெளிநாடு போன வருடம் தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுக் கல் அரியப் போனான். வீட்டில் அப்போது வேறு வழியிருக்கவில்லை. அதை அவன் அதுவரை வாய்திறந்து சொன்னதில்லை. இப்போது சொன்னான். "நான் அதுக்குக் கணக்குக் கேட்டனானோ? கேக்கேல்லையே," என்றான். கேட்கவில்லை என்று சொல்லியே கேட்டுவிட்டான். அது அவனுக்கும் தெரியும்.

இரண்டு நாள் அண்ணன் பேசாமல் திரிந்தான். மூன்றாம் நாள் தானாகவே வந்து, "விரல் வைக்கச் சொன்னால் என்ன செய்வாய்?" என்றான்.

கேதீஸ்வரனுக்கு அதுதான் சந்தோசமான கேள்வி. கைகளை விரித்துக் காட்டினான். "இதிலை வாசிக்க என்ன கிடக்கு?"

அது உண்மை. வளவில் வேலையாட்களின் வரவுக்குச் செல்வரட்ணம் ஒரு விரல் மெசின் பூட்டியிருந்தார். எல்லாருக்கும் பச்சை எரியும். கேதீஸ்வரன் வைத்தால் சிவப்பு. துடைத்து வைத்தாலும் சிவப்பு. சீமெந்து ரேகையைத் தின்றுவிட்டது. கூட வேலை செய்யும் சிமியோன் ஒவ்வொரு நாளும் அதையே சொல்லிச் சிரிப்பான்: "நீ தப்பினாயடா. கொலை செய்தாலும் உன்னைப் பிடிக்க ஏலாது."

"மெசின் வாசிக்காட்டில், பழுது எண்டு போட்டு முகத்தைப் பாத்து விடுவாங்கள்," என்றான் கேதீஸ்வரன். "முகம் ஒண்டு, விரல் வெறுமன். வேறை என்ன?"

அண்ணன் அதையும் யோசித்தான். சரியாகத்தான் பட்டது. ஒரே சலூனில் ஒரே மாதிரி மயிர் வெட்டினார்கள். தம்பி அண்ணனின் சேட்டைப் போட்டுப் பார்த்தான், சப்பாத்தைப் போட்டு நடந்து பார்த்தான். கறுத்துப்போன முகத்துக்குக் கிறீம். அரம் போன்ற கைக்கு எண்ணெய். "இந்தக் கையோடை போனால் பிளேனிலை கோப்பி தாற பெட்டைக்கே விளங்கிடும், ஆர் ஆள் எண்டு," என்று சிவகௌரி சொன்னாள். அது அவர்கள் மூவருக்கும் புத்தியான கதையாகத்தான் பட்டது. வெடிப்புகள் மூடின. சாம்பல் போனது. காய்ப்பு உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "பூ மாதிரி," என்றாள்.

போகிற அன்று அவள் பிள்ளையாருக்கு வடைமாலை சாத்தினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு நேர்த்திக்கடன் என்றாள். அடுத்த வீட்டுக்காரி விடாமல் கேட்டபோது, சிரித்துக்கொண்டு வானத்தைக் காட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஊருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொழும்பில் சிக்கல் வரவில்லை. விமானம் மாறுகிற ஊரில், சுவிசுக்கு ஏறுகிற வாசலில், மேசை போட்டு ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். முன்னால் சின்ன மெசின். கடவுச்சீட்டை வாங்கி மெசினில் வைத்தான். திரையைப் பார்த்தான், கேதீஸ்வரனைப் பார்த்தான், திரும்பவும் திரையைப் பார்த்தான். ஏதோ கேட்டான். கேதீஸ்வரன் அண்ணன் பழக்கிவிட்ட மாதிரிச் சிரித்தபடி ஒரு சொல் சொன்னான். அடுத்த கேள்வி அண்ணன் பழக்கிவிட்டதில் இல்லை.

வரிசையிலிருந்து விலக்கி ஒரு சின்ன அறைக்குள் கொண்டுபோய் இருத்தினார்கள். கண்ணாடித் தட்டில் விரலை வைக்கச் சொல்லிக் காட்டினார்கள். அவனுக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. சிவப்பு எரியும், தோளைக் குலுக்குவார்கள், விடுவார்கள். வைத்தான்.

திரையில் விரல் விழுந்தது. வளைந்து வளைந்து, வரி பிசகாமல், சின்னப் பிள்ளையின் விரலைப் போலத் துலக்கமாக. பக்கத்தில் இன்னொரு விரல் ஏற்கெனவே கிடந்தது. அது அண்ணனுடையது. இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல மெசின் தேவைப்படவில்லை. ஒன்று சுழி. மற்றது ஒரு பக்கமாக மடிந்து ஓடியது.

ஒரு மாத எண்ணெயும் ஓய்வும் செய்த வேலை. அவன் தன் ரேகையை அதற்கு முன் கண்டதில்லை. இவ்வளவு வடிவாக இருக்கும் என்று நினைத்ததுமில்லை.

மொழிபெயர்க்க ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். இந்தியத் தமிழ்ப் பெண்குரல் முதலில் பேரையும் தொழிலையும் கேட்டது; அவன் அண்ணனின் பேரையும் ஓட்டல் சமையல் வேலையையும் சொன்னான். "சார், விரல் உங்களோடதுதான். ஆனா பாஸ்போர்ட் உங்களோடது இல்லைன்னு சொல்றாங்க."

"எனக்கு ரேகை இல்லை பிள்ளை. மெசின் பிழை. நான் கல்லு அரியிற ஆள்."

"சார், ஓட்டல்ல சமையல் வேலைன்னு நீங்கதானே கொஞ்சம் முன்னாடி சொன்னீங்க?"

வெள்ளைக்காரன் எழுந்து ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அடித்திருந்தால் பரவாயில்லை. கேதீஸ்வரன் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"இது எப்படி உங்க கைக்கு வந்துச்சுன்னு கேக்கறாங்க."

ஒருவரும் அதட்டவில்லை. கதவுகூடத் திறந்துதான் கிடந்தது.

"அண்ணைதான் தந்தவர்," என்றான். "அவர்தான் போகச் சொன்னவர். அவரைக் கேளுங்கோ."

பெண்குரல் அதை மொழிபெயர்த்தது. வெள்ளைக்காரன் எழுதினான். அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றினார்கள். கொழும்பில் பொலிசார் அதே கதையை அவன் முன்னால் வாசித்து, சரியோ என்று கேட்டார்கள். மாற்றிச் சொல்ல அப்போதும் நேரமிருந்தது. "ஓம்," என்று கையெழுத்து வைத்தான்.

பிணையில் அவனை எடுத்து வந்தது செந்தூரன். பஸ்ஸில் தம்பிக்கு யன்னல் பக்கத்தைக் கொடுத்து, தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் கொடுத்து, வவுனியாவில் இறங்கிச் சாப்பாட்டுப் பார்சல் எடுத்து வந்தான். "அடிச்சவங்களோ?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்று கேதீஸ்வரன் தலையாட்டினான். அடித்தார்கள் என்று சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் படலைக்கு வெளியே போகவில்லை. சிமியோன் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினான். "என்னடாப்பா, சுவிசிலை சரியான குளிரோ? முதுகுப் பிடிப்பு மாறிட்டுதோ?" கேதீஸ்வரன் குசினிக்குள், அடுப்படியில் போய் நின்றான். அடுத்த வீட்டுக்காரி வடைக்கு உப்புக் கொஞ்சம் குறைவு என்று சிவகௌரியிடம் இப்போது சொன்னாள். தனுஷா பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப்பையை வைத்துவிட்டு, "அப்பா, தலை மாத்திறது எண்டால் என்ன?" என்று கேட்டாள். தாய் அவளுக்கு அடித்தாள்.

ஆனால் அவனைத் தின்றது அது இல்லை. அண்ணனின் கைத்தொலைபேசி. அது நாள் முழுக்க அடித்தது. லீவு முடிந்துவிட்டது, ஓட்டல்காரன் அவன் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறான். கஜானி அழுதாள். அவள் அழுவது கைத்தொலைபேசியைத் தாண்டிக் கேட்டது. செந்தூரன் கிணற்றடிக்குப் போய்க் கதைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவனைப் போல் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவான்.

"தூதரகத்திலை நான் நான்தான் எண்டு காட்டுறது பிரச்சினை இல்லை," என்றான் ஒரு காலையில். "விரலை வைச்சால் முடிஞ்சுது. அவங்கள் கேக்கிறது ஒண்டுதான். பாஸ்போட் எப்பிடி என்ரை கையை விட்டுப் போனது? பொலிஸ் அறிக்கை கொண்டு வரட்டாம். நானாய்க் குடுத்தது எண்டு தெரிஞ்சால் அங்கையும் வழக்கு. வேலையும் போகும்."

சிவகௌரி அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்: "அப்ப களவு எண்டு சொல்லுங்கோ அண்ணை. இவர்தானே ஆசைப்பட்டவர்."

"சொல்லமாட்டன்." செந்தூரன் குரலை உயர்த்தவில்லை. "என்ரை தம்பியைக் கள்ளன் எண்டு என்ரை வாயாலை சொல்லமாட்டன். பஸ்ஸிலை துலைஞ்சுபோச்சு, ஆரோ எடுத்து வித்திருக்கிறாங்கள் எண்டு சொல்லுறன். நீயும் ஆரோ ஏஜென்சிக்காறனிட்டை வாங்கினது எண்டு சொல்லு. ஆள் தெரியாது எண்டு சொல்லு." தம்பியைப் பார்த்தான். "நீ அங்கை ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

கேதீஸ்வரன் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தான். கை புதிதாக இருந்ததால் கறியின் உறைப்பு விரல் நுனியில் எரிந்தது.

"இல்லை," என்றான்.

"நல்லது. உனக்குப் புத்தி இருக்கு."

பொலிஸ் நிலையத்துக்கு ஓட்டோவில் போனார்கள். வழியெல்லாம் அவன் சொல்ல நினைத்தான். சந்தியில் சொல்லலாம் என்று நினைத்தான், சந்தி போய்விட்டது. ஆஸ்பத்திரி மதிலடியில் சொல்லலாம் என்று நினைத்தான். அந்த மதிலுக்குக் கல் அரிந்தது அவன்தான். அதுவும் போய்விட்டது. செந்தூரன் புதிதாகத் தோய்த்த சேட்டுப் போட்டிருந்தான். பயணத்துக்கு முன் தம்பி போட்டுப் பழகிய சேட்டு. "பயப்பிடாதை. நான் கதைக்கிறன். நீ கேட்டதுக்கு மட்டும் சொல்லு," என்று அவன் துடையில் தட்டினான். ஓட்டோ பொலிஸ் நிலைய வாசலில் நின்றது.

உள்ளே சார்ஜன்ட் இருவரையும் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டார். "இஞ்சை வந்து பாரும் ஐசே. இதிலை ஆர் பாஸ்போட்காறன், ஆர் போனவன்?" அவன் செந்தூரனைக் காட்டி, "இவர்தான் போனவர்," என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். செந்தூரனும் மரியாதைக்குச் சிரித்தான்.

சார்ஜன்ட் கொழும்பிலிருந்து வந்த கடதாசிக் கட்டைத் திறந்தார். பேனையை எடுத்தார். "சரி அண்ணை, சொல்லுங்கோ. உங்கடை பாஸ்போட் எப்பிடிப் போனது? யோசிச்சுச் சொல்லுங்கோ. பொய் முறைப்பாடும் ஒரு குற்றம்."

அந்த முகத்தில் கிடந்த நிதானத்தைக் கேதீஸ்வரன் கண்டான். கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. இன்னும் ஒரு வாய்ச்சொல்லில் அண்ணன் அகப்படப் போகிறான்.

செந்தூரன் தொண்டையைச் செருமினான். "சேர், அது பஸ்ஸிலை..."

"நான் களவெடுத்தனான்," என்றான் கேதீஸ்வரன்.

சார்ஜன்ட் பேனையை நிறுத்தினார்.

"அண்ணையின்ரை பெட்டிக்குள்ளை இருந்து நான்தான் எடுத்தனான். அவருக்குத் தெரியாது. பஸ்ஸிலை துலைஞ்சது எண்டு அவர் நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

"அங்கை வேறை மாதிரிச் சொல்லிக் கையெழுத்து வைச்சிருக்கிறீர்." சார்ஜன்ட் கட்டைத் திருப்பி வாசித்தார், அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக. "அண்ணைதான் தந்தவர். அவர்தான் போகச் சொன்னவர். அவரைக் கேளுங்கோ."

அண்ணனின் பக்கம் கேதீஸ்வரன் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அவன் துடைக்குப் பக்கத்தில் கிடந்த அந்தக் கை மெல்ல விலகிப் போனது.

"அது பொய் சேர்," என்றான். "பயத்திலை பொய் சொன்னனான்."

"அப்ப அங்கை சொன்னது பொய், இப்ப சொல்லுறது உண்மை?"

"ஓம்."

அந்த மேசையடியில் இருந்த மூன்று பேருக்கும் எது பொய் என்று தெரிந்திருந்தது. சார்ஜன்ட் பெருமூச்சு விட்டுச் செந்தூரனிடம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்லுறியள்? அவர் சொல்லுறது சரியோ? நீங்கள் சொன்னால்தான் எழுதலாம்."

செந்தூரன் தன் கைகளைப் பார்த்தான். ஓட்டல் அடுப்பில் வெந்த தழும்புகள் உள்ள கைகள். அவற்றிலும் ரேகை இருந்தது.

"ஓம்," என்றான் கடைசியில். "களவு போனது. இவர்தான் எடுத்தவர்."

தம்பியை அவன் 'இவர்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

எழுதி முடித்ததும் கேதீஸ்வரனை எழுப்பிச் சுவரோரம் கொண்டுபோனார்கள். மை பூசி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து உருட்டினார் சார்ஜன்ட். கடதாசியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்ல துலக்கமாய் விழுந்திருக்கு. கல்லு அரியிற ஆக்களுக்கு இப்பிடி விழுகிறேல்லையே. வேலைக்குப் போறேல்லையோ?"

"முதுகுப் பிடிப்பு, சேர்."

செந்தூரன் எழுந்து வந்து மையைத் துடைக்கத் தன் லேஞ்சியை நீட்டினான், முகத்தைப் பார்க்காமல். கேதீஸ்வரன் வாங்கவில்லை. கையைத் தன் காற்சட்டையில் துடைத்தான்.

இரண்டு நாளில் செந்தூரன் கொழும்புக்குப் புறப்பட்டான். தனுஷாவின் தலையைத் தடவினான். சிவகௌரியிடம் சுகமாயிருக்கச் சொன்னான். படலையடியில் தம்பி பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது, அதற்கு முன்னே தானே தூக்கிக்கொண்டான்.

"போறன்," என்றான்.

சிவகௌரி பதறினாள். பயணம் வெளிக்கிடுகிற மனிதன் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ அண்ணை!"

ஓட்டோ வெளிக்கிட்டுவிட்டது.

அடுத்த கிழமை கஜானியிடமிருந்து சிவகௌரிக்கு அழைப்பு வந்தது. கேதீஸ்வரன் கல் அரிகிற வளவால் வந்து கிணற்றடியில் நின்றான். திரும்ப வேலைக்குப் போன முதல் நாளே கையுறை போடாமல் சீமெந்து குழைத்ததில் புதுத்தோல் பல இடத்தில் கிழிந்திருந்தது. தண்ணீர் பட எரிந்தது.

"அண்ணை போய்ச் சேந்திட்டாராம்," என்றாள் அவள், கொஞ்சம் தள்ளி நின்று. "அங்கை விரலை வைச்ச உடனை விட்டிட்டாங்களாம். ஒரு கேள்வியும் கேக்கேல்லையாம்."

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ?"

அவள் உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள். அவன் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.